கோபுரத்தின் உச்சியில் ஒரு குடிசை

1

கோபுரத்தைப் பற்றி நம்மிடம் இருக்கிற எழுத்து பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கிறது. எத்தனை நிலை, எத்தனை அடி, எந்த அரசன், எந்த ஆண்டு. தலவரலாற்றுப் புத்தகம், சுற்றுலாத் துறைப் பலகை, பள்ளிப் பாடநூல் எல்லாவற்றிலும் இதுதான். கல் சுமந்தவன் எங்கே போனான் என்கிற கேள்வியையும் நம் மேடைகளில் கேட்டுக் கேட்டு அதையும் ஒரு சடங்காக்கிவிட்டோம். இங்கே நான் எழுப்ப நினைப்பது அதற்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு கேள்வி. கோபுரத்தின் வடிவம் யாருடையது? அந்த வளைந்த உச்சி, அதன்மேல் வரிசையாக நிற்கும் கலசங்கள், நிலைதோறும் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன வீடுகள் – இவையெல்லாம் எந்த வீட்டிலிருந்து வந்தவை?

ஜவ்வாது மலையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிற மலை இது. மேலே ஜமுனாமரத்தூரைச் சுற்றி மலையாளிகள் என்று அரசு ஆவணங்களில் குறிக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்கிறார்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று கதையும் சொல்கிறார்கள். கீழே இறங்கினால் போளூர், செங்கம், படவேடு, அப்புறம் திருவண்ணாமலை. கட்டிடக்கலை வரலாற்றில் கீழே உள்ளவற்றுக்கெல்லாம் பக்கங்கள் உண்டு. மலைக்கு இல்லை. மலையில் 'கட்டிடம்' கிடையாது, குடிசைதான் உண்டு என்பது அதற்கான காரணம். அந்தக் காரணத்தையே தலைகீழாகப் பிடித்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

பழைய புல்வீட்டை முதலில் பார்த்துக்கொள்வோம். மூங்கில் தப்பையை நிறுத்தி, செம்மண் பூசிய சுவர். மேலே நீளவாட்டில் ஒரு மோட்டுவளை. அதிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் கைமரம். கைமரத்தின்மேல் குறுக்கே கட்டிய வரிச்சு. அதற்குமேல் புல். புல் சுவரைத் தாண்டி வெளியே வளைந்து தொங்கும் இடம் எரவாணம். மழைத்தண்ணி சுவரில் படாமல் தள்ளி விழ வேண்டுமே, அதற்காக. கூரையில் ரொம்ப பலவீனமான இடம் முகடு. இரண்டு பக்கத்துப் புல்லும் அங்கேதான் சந்திக்கிறது, தண்ணி இறங்குவதும் அங்கேதான். வட்டக் குடிசையாக இருந்தால் உச்சிக் கம்பின்மேல் ஒரு பானையைக் கவிழ்த்துவிடுவதுண்டு.

இப்போது கோபுரம். சிற்ப சாஸ்திரக்காரர்கள் கோபுரத்தின் உச்சிக்குச் சொல்கிற பெயர் 'சாலை'. நீள்சதுரமான அடித்தளத்தின்மேல் வண்டிக்கூண்டு மாதிரி வளைந்து இறங்கும் கூரை. அதாவது மூங்கிலை வளைத்துப் போட்ட நீளக் குடிசையின் கூரை. அதன் முகட்டில் வரிசையாகக் கலசம். சதுரமான சின்னக் குடில் போல மூலைகளில் நிற்பதற்கு 'கூடம்' அல்லது 'கர்ணகூடு' என்று பெயர். சுவரின் மேல்விளிம்பில் வெளியே வளைந்து நிற்கும் கல்லுக்குத் தமிழில் 'கொடுங்கை' என்று பெயர், வடமொழியில் 'கபோதம்'. பார்த்தவுடனே தெரியும், அது கல்லாகிப்போன எரவாணம். கொடுங்கையில் லாட வடிவில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் சின்ன வளைவுகளுக்குக் 'கூடு' என்று பெயர். வளைந்த கூரையின் முகப்பு, காற்றுக்காக விட்ட சாளரம், அதன் சுருங்கிய உருவம்தான் அது. குருவிக்குச் சொல்கிற அதே சொல்.

இந்தப் பட்டியலை நான் கூரை வேய்ந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பெரிதாக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "அது மொவுடுதான் தம்பி. அதுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கறாங்க, நம்புளுதுக்குப் புல்லு" என்றார். ஆராய்ச்சியாளர்கள் பல பக்கத்தில் நிறுவியதும் இதைத்தான்.

ஏனென்றால் இது ஒன்றும் என் கண்டுபிடிப்பில்லை. பீகாரில் பராபர் குன்றுகளில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் குடைந்த லோமச ரிஷி குகையின் வாசலில், பாறையிலேயே ஒரு வளைந்த குடிசை முகப்பைச் செதுக்கியிருக்கிறார்கள். உத்தர நுனிகளைக்கூட விடவில்லை. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் ஒரே பாறையில் வெட்டிய ரதங்களில் 'திரௌபதி ரதம்' என்று நாம் சொல்வது ஒரு கூரை வீடு, அவ்வளவுதான். உள்ளே கொற்றவை நிற்கிறாள். பக்கத்தில் 'பீம ரதம்' நீளக் கூரை. பின்னால் வரப்போகிற அத்தனை கோபுர உச்சிகளுக்கும் அது முன்மாதிரி. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் வெட்டிவைத்த கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை ஆக்கியதாகப் பெருமைப்படுகிறது. அப்படியென்றால் அதுவரை கோயில் எதனால் கட்டப்பட்டிருந்தது என்பதும் அந்தப் பெருமையிலேயே வெளியாகிவிடுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜவ்வாது மலையில் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் பல உண்டு. பலகைக்கல்லை நாலாபுறமும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். பாண்டவர் வீடு, வாலியர் வீடு என்று மக்கள் கதை சொல்கிறார்கள். 'வீடு' என்றாலும் அவை செத்தவர்களுக்கானவை. கல் செத்தவனுக்கு, புல் இருப்பவனுக்கு என்பதாக இருந்த ஓர் ஒழுங்கு அது. தமிழ்நாட்டில் கோயிலுக்குக் கல் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்று யோசித்த கே.ஆர். சீனிவாசன், கல்லுக்கும் சாவுக்கும் இருந்த இந்தத் தொடர்பே தயக்கத்துக்குக் காரணம் என்று கருதினார். பல்லவர்கள் செய்தது இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்தது. செத்தவனின் பொருளில் இருப்பவனின் வீட்டைச் செதுக்கி, அதில் கடவுளைக் குடிவைத்தார்கள். நம் 'திராவிடக் கட்டிடக்கலை' அங்கே தொடங்குகிறது.

3

குடிசை கல்லானது ஒரு கட்டம். அது உயர்ந்தது அடுத்த கட்டம். உயர்ந்ததில் ஓர் இடமாற்றம் நடந்திருக்கிறது, அதுதான் முக்கியம்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. அதன் விமானம் 60 மீட்டர் சுமார். வழக்கில் 216 அடி என்கிறோம். திருவண்ணாமலை கிழக்கு ராஜகோபுரம் பதினோரு நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1516ஐ ஒட்டித் தொடங்கி, தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் காலத்தில் முடிந்தது. இடையில் ஐந்நூறு ஆண்டு. உயரம் வழக்குக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் தஞ்சையில் அந்த உயரம் கருவறையின் தலைக்குமேல் நிற்கிறது, திருவண்ணாமலையில் வாசலின் தலைக்குமேல் நிற்கிறது. தஞ்சையின் வாசல் கோபுரங்கள் விமானத்துக்கு அடங்கி நிற்பவை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் சிதம்பரத்தின் ஏழுநிலைக் கோபுரங்களில் கணக்கு மாறத் தொடங்குகிறது. அங்கே நடுவில் இருக்கும் சிற்சபையோ இன்றைக்கும் மரத்தால் ஆன, பொன்னோடு வேய்ந்த ஒரு கூரைவீடு.

ஏன் இப்படி மாறியது? நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. நாயன்மார் பாடிய தலங்களில் மூலக் கருவறையைத் தொட முடியாது. சின்னதாக இருந்தாலும் அதுதான் புனிதம். சுவரெல்லாம் பழைய கல்வெட்டு. எனவே புதிதாக வருகிற ஒவ்வோர் அரசனும் தன் தானத்தை வெளிப்பக்கமாகத்தான் காட்ட முடியும். இன்னொரு பிராகாரம், இன்னொரு மண்டபம், இன்னொரு வாசல். வெளியே போகப்போக வாசல் பெரிதாகும். 1876இல் இந்தியக் கட்டிடக்கலை வரலாறு எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் இதை ஒரு குறையாகச் சொன்னார். உள்ளே போகப்போகப் பெரிதாக வேண்டியது சிறிதாகிக்கொண்டே போகிறதே என்பது அவர் வருத்தம். அவர் மனசில் இருந்தது ஐரோப்பிய தேவாலயம். கோயில் அங்கே உள்ளே வருகிறவனுக்காகக் கட்டப்பட்ட ஒன்று. இங்கே கோபுரம் உள்ளே வராதவனையும் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டது என்பது அவருக்குத் தெரியவில்லை.

கட்டும் முறையும் இந்த நோக்கத்துக்குத் தோதானது. கீழே கருங்கல். அதற்குமேல் உள்ள நிலைகள் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். கல் கீழேயே நின்றுவிடுவதால் மேலே பாரம் குறைவு. உள்ளே கூடுபோல வெறுமை. ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடக் கொஞ்சம் உள்வாங்கி நிற்பதால் மொத்தமும் கூம்பிக்கொண்டே போகும். நடுவில் நிலைக்கொரு திறப்பு. வெளியே சுதைப் பொம்மைகள். தூரத்திலிருந்து பார்க்க வேண்டிய உயரத்தைக் குறைந்த பாரத்தில் எழுப்புகிற உத்தி இது. எல்லாவற்றுக்கும் மேலே, ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற இடத்தில், அந்த நீளக் குடிசை.

4

இங்கே ஐரோப்பாவின் ஊசிக்கோபுரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். அதுவும் பிறப்பில் ஒரு கூரைதான். மணி தொங்கும் சதுரக் கோபுரத்தின் தலையில் மழைக்காகப் போட்ட நாற்பட்டைக் கூரை, காலப்போக்கில் எட்டுப் பட்டையாகிக் கூர்ந்து கூர்ந்து ஊசியானது. இங்கிலாந்தில் செஸ்டர்பீல்டு ஊரின் ஊசிக்கோபுரம் 14ஆம் நூற்றாண்டில் மரச்சட்டத்தின்மேல் ஈயத்தகடு போர்த்திய வேலை. 228 அடி. அது திருகிக்கொண்டு ஒன்பது அடிக்கும் மேல் சாய்ந்து நிற்கிறது. உலராத பச்சை மரம், போதாத குறுக்குச் சட்டம், 1348–49 கொள்ளைநோயில் கைதேர்ந்த தச்சர்கள் செத்துப்போனது என்று காரணங்கள் சொல்வார்கள். திருகின கோபுரத்தைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. விண்ணை நோக்கிய ஆன்மா என்றெல்லாம் கவித்துவமாகச் சொல்லப்படுவதற்கு உள்ளே இருப்பது ஒரு கூரை, அதைக் கட்டிய தச்சன், அவன் கையில் கிடைத்த மரம்.

அந்தக் கோயில்களை அவர்கள் பாரிஷ் என்கிறார்கள். நம் கத்தோலிக்கர்களின் தமிழில் அதற்குப் 'பங்கு'. பங்குக் கோயில், பங்குத் தந்தை, பங்கு மக்கள். நல்ல சொல். இடைக்கால இங்கிலாந்தில் அதற்கு நேரான நடைமுறையும் இருந்தது. பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைப் பராமரிப்பது குருவின் பொறுப்பு. மக்கள் நிற்கும் கூடம் மக்களின் பொறுப்பு. லவுத் என்ற சந்தை ஊரில் 1501 முதல் 1515 வரை கட்டின ஊசிக்கோபுரத்தின் கணக்குப் புத்தகம் மிஞ்சியிருக்கிறது. செலவு 305 பவுன் சொச்சம். உயரம் 287 அடி. உச்சியில் காற்றுச்சேவலை ஏற்றிய அன்று எல்லா மணியையும் அடித்து, கூடியிருந்த சனத்துக்கெல்லாம் ரொட்டியும் பீரும் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த ஆண்டை ஒட்டித்தான் திருவண்ணாமலையில் ராயர் கோபுரத்துக்கான கல்வெட்டு. ஒன்றில் ஊர்க் கணக்கு, மற்றதில் அரசனின் மெய்க்கீர்த்தி.

ஆனால் இதைக் கிழக்கு–மேற்கு என்று பிரித்துவிடக் கூடாது. அதே திருவண்ணாமலையில் வடக்குக் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். செங்கத்துக்குப் பக்கத்தில், இந்த மலையின் அடிவாரத்துப் பக்கம், சென்னசமுத்திரத்தில் பிறந்த ஒரு பெண் துறவி, வீடு வீடாகப் போய்க் காசு திரட்டி, பாதியில் நின்றிருந்த கோபுரத்தை முடித்ததாக ஊர் வழக்கு. ராஜகோபுரத்துக்கு அரசன் பெயர்கூட ஒட்டவில்லை, வெறும் 'ராஜகோபுரம்'. வடக்குக் கோபுரத்துக்கு மட்டும் அவள் பெயர் ஒட்டிக்கொண்டது. அது பங்குக் கோபுரம். நம் வரலாற்று நூல்களில் அதற்கு ஒரு பத்தி தேறினால் அதிகம்.

அதேபோல, 'பங்கு' என்று பெயர் வைத்தவுடனே பங்கு கிடைத்துவிடாது என்பதற்கும் நம்மிடமே சாட்சி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டின மாதாகோயிலின் வரைபடத்தைப் பாருங்கள். பீடம் ஒன்று, மக்கள் கூடம் இரண்டு. காற்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி பிரிந்து போகின்றன. ஒரு காலில் வேளாளர், இன்னொரு காலில் நாடார். இருவருக்கும் பூசை தெரியும், ஒருவருக்கொருவர் தெரியாது. 1910இல் குருக்கள் நடுச்சுவரை இடித்தார்கள். பிரிவு வேண்டும் என்றவர்கள் நீதிமன்றம் போனார்கள், சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சாதியைச் செங்கல்லில் வரைந்து காட்டிய கட்டிடம் என்று இதைவிடத் தெளிவாக ஒன்றைச் சொல்வது கடினம்.

5

ஆக, கோயிலானாலும் மாதாகோயிலானாலும், கட்டிடக்கலையில் இரண்டு கணக்கு நடக்கிறது. உயரத்தின் கணக்கு எல்லோருக்கும் பொது. தரையின் கணக்கு அப்படியல்ல. நம் வரலாற்றாசிரியர்கள் உயரத்தை அளந்தார்கள். தரையை அளந்தவர்கள் வாசலில் நின்று கேட்டவர்கள்தான்.

'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்று ஒரு வழக்கு இருக்கிறது. பக்தியின் எளிமை என்று அதற்கு விளக்கம் தருவார்கள். யாருக்காகச் சொல்லப்பட்ட வாசகம் இது என்று யோசித்தால் அதன் இன்னொரு பக்கம் தெரியும். உள்ளே போகிறவனுக்குக் கோபுர தரிசனம் வழியில் வருவது. போகக் கூடாதவனுக்கு அதுதான் மொத்தமும். திருப்புன்கூரில் நந்தன் வெளியே நிற்க, நடுவில் மறைத்த நந்தி விலகியது என்பது கதை. கட்டிடக்கலையாக இதை வாசியுங்கள். பார்வைக் கோடு திருத்தப்பட்டது. வாசல் திருத்தப்படவில்லை. கடவுளே தலையிட்டும் நந்தன் நின்ற இடம் மாறவில்லை.

அது மாறுவதற்குச் சட்டமும் போராட்டமும் வேண்டியிருந்தது. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத அய்யரோடு கக்கன் முதலானோர் நுழைந்தார்கள். 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. பெரிய கோபுரங்களின் வாசல் திறந்தது. சின்னக் கோயில்களில் என்ன நடந்தது? இதே திருவண்ணாமலை மாவட்டம், தண்டராம்பட்டு வட்டம், தென்முடியனூர். அங்கே முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30இல்தான் போக முடிந்தது, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. சட்டம் வந்து எழுபத்தைந்து வருஷம் கழித்து. உயரமே இல்லாத ஓர் ஊர்க்கோயிலிலும் அந்த வாசல் அவ்வளவு கனமாக இருந்திருக்கிறது.

இப்போது திரும்பக் கோபுர உச்சிக்கு வரலாம். குடிசையின் வடிவம் புனிதமாகி மேலே போனது. குடிசையில் இருந்தவன் தீட்டாகி வெளியே நின்றான். இரண்டும் ஒரே சமூகத்தில், பல நூற்றாண்டுகள் சேர்ந்தே நடந்தன. இதை வெறும் முரண் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒரு வடிவம் அதிகாரத்தின் கைக்குப் போகும்போது முதலில் நடப்பது அதன் பொருள் மாற்றப்படுவதுதான்: புல் கல்லாகிறது, கல் சுதையாகிறது. அடுத்தது பெயர் மாற்றம்: எரவாணம் கபோதமாகிறது, முகடு சிகரமாகிறது. மூன்றாவது, அந்த வடிவத்துக்கு உரியவன் அதை அண்ணாந்து பார்க்க வேண்டியவனாகிறான். மறதி இப்படித்தான் கட்டப்படுகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் ஒரு கூரைக் குடிசைக்குள்தான். சோழர் கோபுரங்கள் நிறைந்த தஞ்சை மண்ணில். கல்லிலும் சுதையிலும் இருந்த குடிசைகள் பத்திரமாக இருந்தன.

6

குடிசையைக் கொண்டாடச் சொல்கிறேன் என்று நண்பர்கள் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒழுகும், பூச்சி வரும், தீப்பிடிக்கும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புல் மாற்ற வேண்டும். மலையில் இப்போது தொகுப்பு வீடுகள் வந்துவிட்டன. சிமெண்டுத் தளம், தட்டையான கூரை. மக்கள் விரும்பித்தான் வாங்குகிறார்கள், வாங்கத்தான் வேண்டும். வெயிலில் தளம் காய்கிறது என்று முணுமுணுக்கிறார்கள், அது வேறு விஷயம். புல்வீடு போய்க்கொண்டிருக்கிறது. அதோடு அதைக் கட்டத் தெரிந்த கையும், அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் மலைப்பேச்சில் இருக்கிற சொல்லும் போய்க்கொண்டிருக்கின்றன. இன்னும் ஒரு தலைமுறை கழித்து மூங்கில் வளைத்த கூரை எப்படி இருக்கும் என்று ஒரு குழந்தை கேட்டால், கோபுர உச்சியைத்தான் காட்ட வேண்டிவரும். மூலம் அழிந்து நகல் மட்டும் நிற்கும்.

மரபு காப்போம் என்கிறவர்கள் கோபுரத்துக்கு வண்ணம் அடிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய பணமும் வேண்டாம். மிச்சமிருக்கிற புல்வீடுகளைத் தூண் தூணாக அளந்து வரைந்து வைப்பது. மோட்டுவளை, கைமரம், வரிச்சு, எரவாணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு ஊர் என்ன சொல்கிறார்கள் என்று எழுதி வைப்பது. வேய்கிறவரின் அனுமதியோடு அவர் பெயரையும் சேர்ப்பது. பிறகு அந்த வரைபடத்தை ஒரு கோபுரத்தின் வரைபடத்துக்குப் பக்கத்தில் அச்சிடுவது. தலவரலாறு எழுதுகிறவர்கள் அரசன் பெயரை எழுதட்டும், ஆட்சேபணை இல்லை. அதற்குப் பக்கத்தில் அந்த ஊரில் வாசல் யாருக்கு, எந்த வருஷம் திறந்தது என்பதையும் எழுத வேண்டும். உயரத்துக்கு ஒரு வரி என்றால் தரைக்கும் ஒரு வரி. அப்போதுதான் அது கட்டிடத்தின் வரலாறு.